மூன்றாவது வரிசை

ரூபா முதல் வரிசையில் உட்கார மாட்டாள். கடைசி வரிசையும் அவளுக்கு ஆகாது. தன் ஆட்கள் எட்டுப் பேரையும் மூன்றாவது வரிசைக்கு ஓட்டிக்கொண்டு போய், பெஞ்சில் நெருக்கி உட்காரவைத்துவிட்டு, தான் ஓரத்தில் உட்காருவாள். உட்கார்ந்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் சீருடையில் அழுத்தித் துடைத்துக்கொள்வாள். வியர்த்த கையில் சத்தம் சரியாக வராதாம்.

இந்தக் கைகளைப் பற்றித்தான் ஆந்திர எல்லையிலுள்ள சத்தியவேடு பஸ் ஸ்டாண்டில் வதந்தி. "அந்த ஹைஸ்கூல்ல ஒம்பதாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு கை தட்றதுக்கு ஆள் உடுதாம் சார். தலைக்கி அஞ்சு ரூபா. விசிலுன்னா பத்து." சொன்னவர் டீ ஆற்றிக்கொண்டிருந்த ரங்கையா. குடைந்து கேட்டதில் அவருக்கும் யாரோ சொன்னதுதான். விசிலுக்கான விலையை மட்டும் அவரே போட்டிருக்கிறார்.

கை தட்ட லாரியில் ஆள் வருவதையும், புத்தக வெளியீட்டில் கீழே இருப்பவர்களைவிட மேடையில் அதிகம் பேர் இருப்பதையும் பார்த்துப் பழகியவர்கள்தாம் நாம். ஆனால் ஒன்பதாம் வகுப்பிலேயே இந்தத் தொழிலா? ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிவிட்டேன். பள்ளி இருக்கும் ஊரின் பெயரைச் சொல்வதற்கில்லை. சொன்னால் அங்கிருக்கும் ஆசிரியர்களுக்கு மெமோ வரும்.

சனிக்கிழமைகளில் அந்தப் பள்ளிக்குப் புத்தகப் பை கிடையாது, கிளப்புகள் மட்டுமே. சயின்ஸ் கிளப், கணக்கு கிளப், மரம் நடும் ஈகோ கிளப், தெலுங்கு, இங்கிலீஷ். சாலைப் பாதுகாப்புக்கும் ஒன்று உண்டு. சாலைதான் இன்னும் வரவில்லை. போன ஜூனில் பிள்ளைகளைப் பிரித்தார்கள். மார்க் வாங்குகிறவர்கள் சயின்ஸுக்கு, குரல் உள்ளவர்கள் இங்கிலீஷுக்கு, ஓடுகிறவர்கள் மரத்துக்கு. எதிலும் சேராமல் ஒன்பது பேர் நின்றார்கள். பொறுப்பாசிரியை தனபாக்கியம் களைத்துப்போய்த் தெலுங்கில் சொன்னார்: "மிகிலினோள்ளு அந்தா கூசோண்டி." மிச்சம் இருப்பவர்கள் எல்லாரும் உட்காருங்கள்.

உட்கார்ந்தார்கள். அடுத்த சனிக்கிழமையும் வந்து உட்கார்ந்தார்கள்.

"மேடம் குந்தச் சொன்னாங்க. எழுந்திருன்னு இன்னும் சொல்லல சார்" என்றாள் ரூபா. முகத்தில் சிரிப்பே இல்லை.

காசு விஷயத்தைக் கேட்டேன்.

"துட்டா? எவன் சொன்னான்? துட்டு வாங்குனா எங்கம்மா தோல உரிச்சிடும். இது மொய் சார்."

கல்யாண மொய் எப்படியோ அப்படி. கணக்கு கிளப் நிகழ்ச்சி நடத்தினால் இந்த ஒன்பது பேரும் போய் உட்காருவார்கள். பதிலுக்கு, கணக்கு கிளப் என்றைக்காவது இவர்களுக்காக வந்து உட்கார வேண்டும். யார் எத்தனை தரம் பாக்கி என்பது ரூபாவுக்கு மனப்பாடம். "எங்க நைனா கல்யாண வீட்ல துன்னுட்டு வந்தத மறந்துடும். எங்கம்மா வச்சத மறக்காது. நான் அம்மா மாரி."

வெறுமனே உட்காருவதும் இல்லை. ரூபாவிடம் சட்டங்கள் இருக்கின்றன. இருமக் கூடாது. குனிந்து நகம் பார்க்கக் கூடாது. சிரிப்பு ஜோக்கு முடிந்த பிறகுதான். முக்கியமானது கடைசிச் சட்டம்: "பேசறவன் மறந்துட்டான்னா தட்டாத. தட்டுனா முடிஞ்சிதுன்னு எறங்கிப் பூடுவான். அவன் மூஞ்சையே பாத்துக்கினு இரு. வந்துடும்." மூன்றாவது வரிசை ஏன்? முதல் வரிசையில் ஆசிரியர்கள். பார்த்தால் பயம் வரும். பின்வரிசை மேடையிலிருந்து தெரியாது. தடுமாறுகிறவன் கண் வந்து விழும் இடம் மூன்றாவது என்கிறாள். நான் பேசிய கூட்டங்களை நினைத்துப் பார்த்தேன். அங்கே மூன்றாவது வரிசை செல்போனில் இருந்தது.

ஜனவரியில் புதிதாக வந்த தலைமையாசிரியை ஓர் உத்தரவு போட்டார். வருடத்தில் ஒரு நிகழ்ச்சிகூட நடத்தாத கிளப் கலைக்கப்படும்; பிள்ளைகளைப் பிரித்து மற்ற கிளப்புகளுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"ஈகோ கிளப்ல போட்டா பிளாஸ்டிக் பொறுக்கணும். பொறுக்கறேன், இன்னா இப்போ? ஆனா இதுங்க எட்டும் எட்டுப் பக்கம் பூடும் சார். அதோ அந்தப் பரணி, வூட்ல கூட வாயத் தொறக்க மாட்டான். இங்க வந்தாதான் சிரிக்கிறான்."

ஆகவே பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை குறித்துக்கொண்டு மொய் வசூலுக்குக் கிளம்பினாள். எல்லா கிளப்புகளும் தலையாட்டின. சயின்ஸ் கிளப் தலைவன் யஸ்வந்த் மட்டும் முரண்டு பிடித்தான். பத்தாம் வகுப்பு, பள்ளியின் முதல் மார்க். சோதனைக்கூட வாசலில் நடந்த பேச்சுவார்த்தையைப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"யஸ்வந்தண்ணா, நாலு தரம் பாக்கி."

"இன்னா பாக்கி? நீங்களா வந்து குந்திக்கினீங்க."

"எரிமலை மாடலு காட்றப்ப நீதான் கூப்ட்ட. முட்டாய் தரேன்னு வேற சொன்ன."

"குந்தறது ஒரு ப்ரோக்ராமா? மேடையில சேர் போட்டு சேருக்கு வெளக்கம் குடுப்பியா?"

சயின்ஸ் கிளப் முழுவதும் சிரித்தது. ரூபாவும் சிரித்தாள், ஜோக்கு முடிந்த பிறகு.

"எக்ஸாம் முடிஞ்சா நான் இன்டர் காலேஜுக்குத் திருப்பதி போய்டுவேன். அப்புறம் யாருகிட்ட வசூல் பண்ணுவ?"

"அதான் இப்பவே கேக்கறேன்."

அந்தச் சனிக்கிழமை மறுபடியும் போனேன். மேடையில் பெஞ்சு போட்டு எட்டுப் பேர். முன்னால் மைக், மைக்குக்குப் பின்னால் ரூபா. கீழே மற்ற கிளப்புகள் இருந்தன, சயின்ஸைத் தவிர. எல்லாரும் மேடைக்குப் பழகியவர்கள், கேட்டுப் பழக்கமில்லை. ஈகோ கிளப் அரட்டையில் இருந்தது. கணக்கு கிளப் விரல் சொடுக்கிக்கொண்டிருந்தது.

"இந்த வருசம் நாங்க பாத்தத சொல்லப் போறோம்" என்று தொடங்கினாள் ரூபா. "ஜூலை மாசம் எரிமலை வெடிக்கல."

அரங்கம் சிரித்தது. ரூபாவின் கண் வழக்கப்படி மூன்றாவது வரிசைக்குப் போனது. அங்கே யாருமில்லை. அங்கே உட்காருகிறவர்கள் எல்லாம் அவளுக்குப் பின்னால் மேடையில் இருந்தார்கள்.

பேச்சு நின்றுவிட்டது. உள்ளங்கையைச் சீருடையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். யாரோ இருமினார்கள். தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். பாவம், பெண் மரியாதையாக இறங்கி வரட்டும் என்று தனபாக்கியம் டீச்சர் தட்டுவதற்குக் கையைத் தூக்கினார்.

"தட்டாதீங்க மேடம்."

வாசலில் யஸ்வந்த். கையில் ஏதோ ஒயர் சுருள். நேராக வந்து, ஆளில்லாத மூன்றாவது வரிசையின் நடுவில் தனியாக உட்கார்ந்தான். இருமவில்லை. குனியவில்லை. ரூபாவின் முகத்தையே பார்த்தான்.

"எரிமலை வெடிக்கல" என்றாள் ரூபா மறுபடியும். "ஆனா யஸ்வந்தண்ணா எறங்கல. வராத நெருப்புக்கு முழுசா வெளக்கம் சொல்லிட்டுதான் எறங்கிச்சி. நாங்க பாத்தோம்."

இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. அப்புறம் அவள் நிற்கவில்லை. ஈகோ கிளப் அகிலாவின் வேப்பங்கன்றை ஆடு மேய்ந்ததும், யாருக்கும் சொல்லாமல் அகிலா அதே குழியில் வேறு கன்று வைத்ததும், கணக்கு கிளப் போர்டில் தப்பாகப் போட்டுவிட்டுத் தானே கண்டுபிடித்து அழித்ததும் வந்தன. பேர் வந்தவர்கள் அரட்டையை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் பரணி எழுந்தான். "இங்கிலீஷ் கிளப் பாட்டு நல்லா இருந்திச்சி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். தலைமையாசிரியை, இந்த கிளப் அடுத்த வருடமும் இருக்கட்டும், ஃபைலில் எழுத அதற்கு ஒரு பேர் மட்டும் வேண்டும் என்றார்.

ரூபா இறங்கி வரும்போது யஸ்வந்த் வழியில் நின்றான்.

"வந்தேன், குந்தினேன், பாத்தேன். அந்த நாலு தரம் கணக்கு தீந்துச்சா?"

ரூபா உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவன் முகத்துக்கு நேராக மூன்று விரல்களைக் காட்டினாள்.