மச்சான் மலைக்குப் பூட்டிய சைக்கிள்

சாய்ந்தமருதுக் கடற்கரை மணலில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மச்சான் என் சைக்கிளை மிதித்த காட்சிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. எண்பதுகளின் தொடக்கம். கண்டியில் எனக்கு எழுதுவினைஞர் வேலை கிடைத்திருந்தது. மலையூருக்குச் சைக்கிளைத் தயார் செய்யும் பொறுப்பை, என் மனைவி ‘காக்கா’ என்று கூப்பிடும் அவளுடைய மூத்த சகோதரரான மச்சான் தானாகவே தலையில் போட்டுக்கொண்டார். மலையை அவர் கண்ணால் கண்டதில்லை. நானும் நேர்முகத்துக்குப் போன ஒரு நாளோடு சரி. எங்கள் ஊரில் மேடு என்றால் அந்த மணல்தான்.

“மலையில ஏறக்குள்ள கால் ஓய்ஞ்சா சைக்கிள் பின்னுக்கு உருளும் மச்சான். சக்கரத்தக் காலோட பூட்டி வெச்சிரணும்” என்றார். பின்சக்கரத்துப் பிரீவீல் சும்மா சுழலாதபடி வெல்டிங் வைத்து அடைத்தார். முன்னால், சின்னச் சைக்கிள் ஒன்றின் பற்சக்கரத்தைப் பூட்டி, செயினைக் குறுக்கினார். இனிச் சக்கரம் சுற்றினால் மிதியும் சுற்றும். மிதி நின்றால் சக்கரமும் நிற்கும். மணல்மேட்டில் இறங்காமல் ஏறிக் காட்டிவிட்டு, கண்டியையே பிடித்துவிட்டவர்போல் சிரித்தார். ஏறிய மலையில் இறங்கவும் வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை.

சைக்கிளை பஸ் கூரையில் கட்டிக்கொண்டு மச்சானும் கூடவே வந்தார். அதற்குக் காரணம் வேறு. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருப்பார். பெண் தன் வீட்டைவிட்டுப் போகும் வழக்கமில்லை. என் மனைவிக்கோ என்னோடு வந்திருக்க ஆசை. “மகன் பாத்திட்டு வந்து சரியெண்டு சொன்னாத்தான் புள்ளய அனுப்புவன்” என்று மாமி முடிவாகச் சொல்லிவிட்டார். வழி முழுவதும் நான் மச்சானின் முகத்தையே பார்த்துக்கொண்டு போனேன்.

என் அறை ஒரு குன்றின் உச்சியில் இருந்தது. மறுநாள் காலை மச்சானே சைக்கிளில் ஏறினார். சின்னப் பற்சக்கரம் கைகொடுத்தது. மூச்சு வாங்கியதே தவிர, ஓரிடத்திலும் கால் ஊன்றாமல் மேலே வந்து சேர்ந்தார். பெருமை தாங்காமல் அப்படியே திருப்பிக் கீழே விட்டார்.

முதல் வளைவிலேயே மிதி அவருடைய காலை இழுத்துக்கொண்டு சுழலத் தொடங்கிவிட்டது. சாரம் காற்றில் உப்பியது. “யா அல்லாஹ், கால் நிக்குதில்ல!” என்று தெருவெல்லாம் கேட்கக் கத்தினார். கடைசியில் இரண்டு காலையும் ஹாண்டிலில் தூக்கி வைத்துக்கொண்டு, தேய்ந்த பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி, அடிவாரத்துப் புற்றரையில் போய்ச் சரிந்தார். நான் விழுந்தடித்து ஓடினேன். இனி மாமி மகளை அனுப்பினாற்போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மச்சான் புல்லில் மல்லாந்து கிடந்து சிரித்துக்கொண்டிருந்தார். “என்ன சுகம் மச்சான்! எங்கட ஊர்ல இப்பிடி ஒரு புதினம் இரிக்கா?” என்றார். அன்றைக்கு மட்டும் இன்னும் நான்கு முறை ஏறி இறங்கினார். காலைப் பின்னுக்கு அழுத்தி வேகத்தைக் குறைக்கும் வித்தை மூன்றாம் முறையில் பிடிபட்டது. எனக்கு அவர்மேல் அப்படியொரு அன்பு வந்ததும் அன்றைக்குத்தான்.

அடுத்த மாதம் என் மனைவி கண்டியில் வந்து இறங்கினாள். வீட்டையும் அயலையும் பற்றி மச்சான் ஊரில் என்ன சொன்னார் என்று கேட்டேன். அதையெல்லாம் அவர் கதைக்கவேயில்லையாம். பெட்டியை என் கையில் தந்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவள் கேட்டாள்: “காக்கா உழுந்த எறக்கம் எங்க இரிக்கி? என்னயும் ஒருக்கா ஏத்திட்டுப் போங்க.”