தெபோராவின் நூடுல்ஸ் சுவர்

தெபோரா வீட்டைக் குப்பையாக வைத்திருந்தாள் என்று சொன்னால் சொன்ன வாய் வெந்துபோகும். நடுக்கடலில் கிடக்கும் தராவாத் தீவின் எய்தா ஊரில் அவளைப்போல் குப்பை பிரித்தவள் கிடையாது. இறைச்சி டின் ஒரு மூட்டை, தண்ணீர் பாட்டில் ஒரு மூட்டை. இரண்டையும் திரும்ப எடுத்துக்கொள்ளக் கொட்டகை இருந்தது. நூடுல்ஸ் உறை, பிஸ்கட் உறை, அரிசிப் பை என்று எடுத்துப்போனால் கொட்டகைக்காரன் கையாலேயே தள்ளிவிடுவான். யாருக்கும் வேண்டாத அந்த உறைகள் வீட்டிலேயே குவிந்தன.

மாமியார் விட்டுப்போன, ஊற்றுத் தண்ணீர் வரை தோண்டிச் சேம்பு நட்ட குழி ஒன்று அவளுக்கு உண்டு. முன்பு ஒரு முறை கடல் உள்ளே வந்ததில் பாதிக்குமேல் அழுகிவிட்டது. தட்டில் சேம்பு போன இடத்தில்தான் நூடுல்ஸ் வந்து உட்கார்ந்தது. மிச்சம் ஏழு செடி. மார்ச்சில் கோயில் திருநாள். ஊர் மண்டபத்தில் பெரியவர் ஒவ்வொரு வீட்டுப் பேரையும் சொல்லி, என்ன கொண்டுவந்தார்கள் என்பதையும் உரக்கச் சொல்லுவார். அன்றைக்குத் தன் பேரோடு சேம்பு என்ற சொல் வரவேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

ஆனால் அதற்கு முன்னால் பிப்ரவரிப் பௌர்ணமிக்குக் கடல் ஏறும். குழியைக் காக்கச் சிமெண்டுச் சுவர் கட்ட வழியில்லை. உறைகளைக் கழுவிக் காயவைத்து, மணலோடு அரிசிச் சாக்குகளில் திணித்து, கரையில் அடுக்கினாள். கொழுந்தன் வந்து நின்றான், இயோவானே என்று பேர்.

"ஏன் அண்ணி, கழுவி வேற வைக்கிறீங்க? கடலுக்கு மசாலா ஆகாதா?"

"கழுவலேன்னா எலி சாக்கக் கடிச்சிடும். உன் வாயக் கழுவத்தான் தண்ணி பத்தல."

"கோழி வாசன நூடுல்ஸ் சுவரு. நண்டெல்லாம் குடும்பத்தோட விருந்துக்கு வரப்போகுது."

"வரட்டும். நீ அந்தச் சாக்கத் தூக்கு."

தூக்கியவன் முகம் மாறியது. "என்ன அண்ணி, பஞ்சு மாதிரி இருக்கு? மணல் போட்டீங்களா இல்லையா?"

"போட்டேன், போட்டேன்."

போட்டாள், கொஞ்சம்தான். மணலைக் குறைத்து உறையைக் கூட்டியது அவளேதான். இத்தனை உறையையும் எங்கேயாவது தொலைத்தால் போதும் என்ற அவசரம்.

பௌர்ணமி அன்று சாயங்காலம் தண்ணீர் ஏறியபோது சுவர் இடியவில்லை. மிதந்தது. சாக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, வாத்துகள் மாதிரி வரிசையாகக் குழிக்குள்ளேயே வந்தன. தையல் பிரிந்து, கழுவிவைத்த உறைகளெல்லாம் சேம்பு இலைகளின்மேல் பரவின. ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பத்து நாளில் உப்புத் தண்ணீர் குடித்து ஏழு செடியும் மஞ்சளாயிற்று. பிடுங்கிப் பார்த்தால் கிழங்கு கூழாகி நாறியது.

திருநாளுக்கு அரிசிச் சோறு கொண்டுபோனாள்.

"தெபோரா வீடு. சோறு" என்றார் பெரியவர்.

அவளுக்கு முந்தின வீடும் சோறு, பிந்தின வீடும் சோறு. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

பந்தி முடிந்ததும் மண்டபத்தில் கிடந்த உறைகளைச் சாக்கில் திணிக்க ஆரம்பித்தாள். இயோவானே பக்கத்தில் வந்து குந்தினான்.

"மறுபடி சுவரா அண்ணி? உள்ள காப்பாத்த என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"அப்புறம் எதுக்கு?"

"வேற எங்க போட? நீ சொல்லு, அங்க போடறேன்."

அவன் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தான். அவள் திணித்தாள்.