அம்மா பூசிய ஆரஞ்சு எண்ணெய்

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு நிச்சயதார்த்தம். வில்லாபுரத்தில் ஒரு சின்ன மண்டபம். பட்டுப்புடவை, பூ, மேக்கப் என்று நான் ஜோடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் வந்தவர்கள் பார்த்தது என் முகத்தை அல்ல... என் அம்மாவின் முகத்தை!

எல்லாம் நான் வாங்கிய ஒரு சின்ன பாட்டிலால் வந்தது.

சீ பக்தார்ன் ஆயில். கேள்விப்பட்டிருப்பீர்கள். லடாக் பக்கம் குளிரில் வளரும் ஒரு முள்செடி. அதன் பழமும் ஆரஞ்சு, எண்ணெயும் ஆரஞ்சு. கப்பலூரில் நான் வேலை பார்க்கும் லேபில் நாள் முழுக்க ஏ.சி. வெளியே வந்தால் ஹைவே தூசி. முகம் அப்பளமாகக் காய்ந்துவிட்டது. ராத்திரியில் மாய்ஸ்சரைசரோடு இரண்டு சொட்டு கலந்து போட ஆரம்பித்தேன். வறட்சி அடங்கியது.

அப்படியே பூசினால் தோலில் நிறம் ஒட்டும் என்று லேபிளில் போட்டிருந்தது. படித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் குடும்பத்தில் லேபிள் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். பெருமையாகவே சொல்கிறேன். செல்லூர் தறிக்கூடத்தில் நூல் சுற்றி என்னைக் கெமிஸ்ட்ரி படிக்க வைத்தவள் அம்மா.

அந்த அம்மாவிடம்தான் நிச்சயத்துக்கு முந்தின நாள் சொன்னேன். “நீயும் போடும்மா, மொகம் காஞ்சு கெடக்கு. ரெண்டு சொட்டு போதும்.”

“ரெண்டு சொட்டா? சாமி வெளக்குக்கே பத்தாதேடி!”

நம் வீடுகளில் எண்ணெய்க்கு என்ன அளவு? உள்ளங்கை நிறைய! சூடு பறக்கத் தேய்க்க வேண்டும், ஊற வேண்டும், பிறகு குளிக்க வேண்டும். விடிந்ததும் அம்மா அதைத்தான் செய்திருக்கிறாள். நான் பார்க்கும்போது பாட்டில் காலி. முகம், கழுத்து எல்லாம் பளபளவென்று ஆரஞ்சு.

“சோப்புப் போட்டும் போக மாட்டேங்குதுடி...”

வாசலில் ஆட்டோ நின்றது. மண்டபத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டோம்.

மண்டபத்தில் அம்மாவை முதலில் பார்த்தது அத்தை. அப்பாவின் அக்கா.

“என்னடி செல்வி இது? மொகத்துல மஞ்சளப் பூசிட்டு வந்திருக்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா தவறிய நாளிலிருந்து அம்மாவின் முகத்தில் மஞ்சள் பட்டதே இல்லை. விசேஷ வீடுகளில் அவள் இடம் சமையல்கட்டுதான். என் நிச்சயத்தில்கூடத் தட்டு மாற்றுவது பெரியப்பாவும் பெரியம்மாவும் என்று பேசி முடித்திருந்தார்கள். முன்வரிசையிலாவது அம்மா உட்கார வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்திருந்தேன். அரை மனதாகத் தலையாட்டியிருந்தாள். இப்போது அதுவும் போச்சா?

“மாப்ள வீட்டுக்காரங்க பாத்தா என்ன நெனப்பாக? போயி கழுவு. போகலைன்னா உள்ளயே இருந்துக்க.”

“மஞ்சளு இல்ல மதினி...” அம்மா முனகினாள். விறுவிறுவென்று வாஷ்பேசினுக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“தேய்க்காதம்மா. சோப்புக்கு மசியாது. தேங்காயெண்ணெ தொட்டுத் துடைச்சா வந்துரும். சமையக்கட்டுல வாங்கிட்டு வாரேன், இரு.”

நகர்ந்த என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படித் திரும்பி ஒரு பார்வை, அப்படித் திரும்பி ஒரு பார்வை.

“ஏத்தா... நல்லாவா இருக்கு?”

“நல்லா இருக்கும்மா.”

“அப்ப எதுக்குத் துடைக்கணும்?”

நான் படித்த கெமிஸ்ட்ரியில் இதற்குப் பாடமே இல்லை!

ஈரத்தை முந்தானையில் ஒற்றிக்கொண்டு நேராக வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் அதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முன்வரிசையில், மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் அம்மா உட்கார்ந்தாள். அத்தை குனிந்து பல்லைக் கடித்தார்.

“கழுவலையா நீ?”

“கழுவல மதினி. எம் மக அவ சம்பளத்துல வாங்குன எண்ணெ. லடாக்குல வெளையிதாம். உங்களுக்கும் வேணும்னா தரச் சொல்றேன். ரெண்டு சொட்டு போதும்!”

அந்த ‘ரெண்டு சொட்டு’ யாருடைய வசனம்? காலையில் பாட்டிலையே கவிழ்த்தவள் பேசுகிறாள்!

மாப்பிள்ளையின் அம்மா சிரித்துவிட்டார். “எனக்கும் சேத்து வாங்கும்மா” என்றார் என்னைப் பார்த்து. அத்தை நிமிர்ந்து, பந்தி வேலையைக் கவனிக்கப் போய்விட்டார். தட்டைப் பெரியப்பாதான் மாற்றினார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மோதிரம் போட நான் கை நீட்டியபோது, எதிரே முதல் ஆளாக அம்மா இருந்தாள். ஒரு விசேஷத்தை அவள் உட்கார்ந்து பார்த்து நான் கண்டது அன்றுதான். நான் டிகிரி வாங்கிய அன்றுகூட எனக்கு இவ்வளவு பெருமையாக இல்லை.

நேற்று போட்டோகிராபர் போன் செய்தார்.

“மேடம், எல்லா போட்டோவுலயும் அம்மா மொகம் மட்டும் மஞ்சளா அடிக்கிது. கலர் கரெக்ட் பண்ணிரவா?”

“தொடாதீங்கண்ணே. அதுதான் கரெக்டான கலரு.”

புது பாட்டிலுக்கு ஆர்டர் போட்டாயிற்று. இந்தத் தடவை பெரிய சைஸ்!