கடிதத்தில் இல்லாத பெயர்

மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்தால் எங்கள் தொழிற்சாலை மேற்பார்வையாளர் என்னைப் பிடித்துக்கொள்வார். நல்ல மனிதர், கேள்விதான் கூடுதல். அமெரிக்காவில் வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் தங்களுக்குள் அடிபட்ட பழைய யுத்தத்தைப் பற்றித் தொலைக்காட்சியில் ஏதோ பார்த்திருக்கிறார். "உங்கள் நாட்டிலும் வடக்கும் தெற்கும்தானே? அதே மாதிரியா?" என்று கேட்டார். நியூசிலாந்துக்கு வந்த முதல் இரண்டு வருடமும் மொழி, நிலம், படிப்பு, கலவரம் என்று கண்டவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிப் பார்த்தவன் நான். தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். "ஓம், அதே மாதிரித்தான்" என்று சொல்லிவிட்டுச் சான்ட்விச்சைக் கடித்தேன். யார் வெல்லுவார்கள் என்றார். தெரியாது என்றேன். எப்போது முடியும் என்றார். அதுவும் தெரியாது. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், என் ஐயா உயிரோடு இருக்கிறாரா என்பது. அதை அவர் கேட்கவில்லை.

ஐயா என்று நான் சொல்வது என் தகப்பனாரை. தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசியில் பட்டாளம் நெருங்கி வருகிறது என்று யாழ்ப்பாணம் முழுவதும் மூட்டை முடிச்சோடு எழும்பி நடந்தபோது, நான் ஒக்லாந்துப் பக்கம் பாபகூராவில் ரயில் பாதைக்குப் பக்கத்து வாடகை வீட்டில் சுகமாகப் போர்த்துக்கொண்டு படுத்திருந்தேன். பிறகு லண்டனிலிருந்து ஒரு உறவுக்காரர் தொலைபேசியில் சொல்லித்தான் தெரியும். ஊருக்குப் போன் இல்லை, தபால் இல்லை. கடைத்தெருவுக்குப் போனால் பக்கத்து முகாம் பட்டாளத்துப் பிள்ளைகள் சீருடையோடு பால் வாங்கிக்கொண்டு நிற்பார்கள். ஒரு பாவமும் அறியாததுகள். ஆனாலும் என் கால் தன்பாட்டில் ஓரமாக ஒதுங்கும்.

தைப்பொங்கல் கழிந்து ஒரு மாதம் போல முதல் கடிதம் வந்தது. வன்னியில் இருந்து அம்மா எழுதியது. யாரோ புண்ணியவான் வவுனியாவுக்குக் கொண்டுவந்து தபாலில் போட்டிருக்கிறார். கொப்பி ஒற்றையின் இரண்டு பக்கமும் நெருக்கி நெருக்கி எழுத்து. தானும் தங்கச்சி குடும்பமும் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். தங்கச்சியின் புருஷனுக்கு மலேரியா வந்து மாறிவிட்டது. மூத்த பேத்திக்கு முன்பல் விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டு ரீச்சர் என்னைச் சுகம் விசாரித்தாராம். இழுத்துக்கொண்டு போன ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. ஆட்டுக்கும் இடம் இருந்தது அந்தக் கடிதத்தில். ஐயாவுக்கு இல்லை.

எங்கள் ஆட்களின் வழக்கம் தெரியாதவர்களுக்கு இதில் ஒன்றும் விளங்காது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு நாங்கள் சாவுச் செய்தியை எழுதமாட்டோம். தனிய இருக்கிற பிள்ளை, தாங்காது, வந்து பார்க்கவும் வழியில்லை, பிறகு ஆறுதலாகச் சொல்லுவோம் என்று விட்டுவிடுவோம். இங்கே த்ரீ கிங்ஸ் என்ற இடத்தில் சுப்பர்மார்க்கெட்டில் வேலை செய்த என் சிநேகிதனுக்கு இப்படித்தான் நடந்தது. தாய் செத்து ஒரு வருடமாக வீட்டார் மூச்சுக் காட்டவில்லை. அதற்கிடையில் செத்தவருக்கு இரண்டு கம்பளிச் சட்டை வேறு வாங்கி அனுப்பியிருந்தான். விஷயம் தெரியவந்த அன்று, "கடிதத்திலை அம்மாவின்ர பேர் வராமல் விட்டபோதே விளங்கியிருக்க வேணும் மச்சான். நான் ஒரு மடையன்" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

நானும் மடையனாகக் கூடாது என்று நினைத்தேன். என் மனைவி மட்டும், "இஞ்சேருங்கோ, ஒருக்கா நேரை கேட்டு எழுதுங்கோவன். வாய் திறந்து கேட்டால் என்ன குறைஞ்சு போகும்?" என்றாள். கேட்டு எழுதினேன். மாதக்கணக்கில் காத்திருந்து பதில் வந்தது. கடவுள் புண்ணியத்தில் எல்லாரும் இருக்கிறோம், நீ ஒன்றுக்கும் யோசிக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு என்று எழுதியிருந்தார். ஐயாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. மனைவி அதை வாங்கி வாசித்துவிட்டு அடுப்பை நிறுத்தினாள். "மாமா இல்லையப்பா" என்றாள். அதோடு எங்கள் வீட்டில் ஐயா செத்துப்போனார்.

யாழ்ப்பாணத்து வீட்டு விலாசத்துக்கு ஒரு கடிதம் போட்டுப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். செத்த ஆளுக்கு யார் கடிதம் போடுவார்?

தகப்பன் இல்லாதவர்கள் பிடிக்கிற விரதம் ஆடி அமாவாசை. தகப்பன் உள்ளவன் அதைப் பிடித்தால் தகப்பனுக்கு ஆகாது. அந்த வருடம் நான் பிடித்தேன். ஊரில் என்றால் கடலில் முழுகுவோம். இங்கே ஆடி மாதம் நடுக்குளிர். மனுக்காவு கரையில் போய் நின்றால் கடல் வற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் சேறாகக் கிடக்கிறது. முழங்காலளவு சேற்றுக்குள் இறங்கி, கிடந்த தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்து எள்ளைப் போட்டேன். நாயோடு நடக்க வந்த ஒரு வெள்ளைக்காரி, இங்கே சிப்பி பொறுக்கக் கூடாது என்று தூரத்தில் நின்று கத்தினாள். கையை உயர்த்திக் காட்டினேன், வேறென்ன செய்வது? விரதச் சாப்பாட்டுக்குக் கைப்பான காத்தோட்டிக்காய் வேண்டும். இந்த ஊரில் அதற்கு எங்கே போவது? மனைவி பாகற்காய் பொரித்து வைத்தாள். பாகற்காயின் கைப்பைச் சாட்டிக்கொண்டு அன்றைக்கு நல்லாய் அழுதேன்.

தனியாகிவிட்ட அம்மாவை இங்கே எடுப்பது என்று முடிவு செய்தோம். எங்கள் ஒழுங்கையில் மலேசியத் தமிழ் அக்கா ஒருவர் இருந்தார், அலுவலக வேலை பார்த்தவர். குடிவரவுப் படிவம் நிரப்ப அவர்தான் உதவினார். அம்மாவின் திருமண நிலை என்ற இடம் வந்ததும் பேனையை வைத்தார். "அப்பா இருக்காரா இல்லையா? ஏதாச்சும் ஒண்ணு போடணும்லா. சும்மா விட்டா திருப்பி அனுப்பிடுவாங்க" என்றார். விதவை என்ற பெட்டியில் நானே அடையாளம் போட்டேன். மரணச் சான்றிதழ் கேட்டிருந்தது. யுத்தம் நடக்கிற இடத்தில் சான்றிதழுக்கு எங்கே போவது? தகப்பனார் காலமாகிவிட்டார் என்று ஒரு சத்தியக் கடதாசி எழுதினோம். அதை உறுதிப்படுத்த இந்த நாட்டில் ஜேபி என்கிற சமாதான நீதவான் ஒருவரிடம் போக வேண்டும். எங்கள் ஜேபி ஒரு வயதான வெள்ளைக்காரர். வீட்டுச் செருப்போடு வந்து கதவைத் திறந்து, என்னைச் சத்தியம் செய்யச் சொல்லி, முத்திரை குத்தினார். அப்பாவைப் பற்றிக் கேட்க வருத்தமாக இருக்கிறது என்று சொல்லித் தேநீரும் தந்தார். படிவத்தையும் சத்தியக் கடதாசியையும் கொழும்பில் இருந்த உறவினர் மூலம் அம்மாவின் கையெழுத்துக்காக வன்னிக்கு அனுப்பினேன். கையெழுத்தோடு திரும்பி வந்தது. பிறகு அம்மா படாத பாடுபட்டுக் கொழும்புக்கு வந்து சேர்ந்தார்.

அடுத்த வருடம் ஆனியில் ஒக்லாந்து விமான நிலையத்தில் வந்து இறங்கினார். நெற்றியில் பொட்டு இல்லை. வெளிறிய சேலை. எனக்கிருந்த கடைசிச் சந்தேகமும் அன்றோடு போயிற்று. அந்த ஆடி அமாவாசைக்கு அம்மாதான் சமைத்தார். நான் சாப்பிட்டு எழும்பும் வரைக்கும் எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை இல்லை. அவருடைய துக்கத்தைக் கிளறக்கூடாது என்று நான் பேசாமல் இருந்தேன். என்னுடையதைக் கிளறக்கூடாது என்று அவரும் இருக்கிறார் என்று நினைத்தேன். இப்படி இரண்டு ஊமைகளும் ஒரு வீட்டில் மூன்று மாதம் குடித்தனம் நடத்தினோம்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை தபால் பெட்டியைத் திறந்தேன். உறையில் ஐயாவின் எழுத்து. அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருடம் லிகிதராக இருந்தவருடைய எழுத்து, கோடு போட்ட மாதிரி இருக்கும். முதலில் வந்த நினைப்பைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஐயா இருக்கிறார் என்ற சந்தோஷம் அல்ல, ஜேபியின் முன்னால் நான் வைத்த கையெழுத்துத்தான். (அதை நேராக்க ஒரு வருடமும் ஒரு வக்கீலும் தேவைப்பட்டது. அது கிடக்கட்டும்.) வேலியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று வாசித்தேன்.

ஐயா அதிகம் எழுதவில்லை. 'நான் வீட்டில்தான் இருக்கிறேன். பின்பக்கக் கூரை போய்விட்டது, முன் அறை பாவிக்கலாம். உனது விலாசம் அம்மாவின் பையோடு போனபடியால் எழுத முடியவில்லை. உன்னோடு படித்த பையனின் தகப்பனார் இப்போது திரும்பி வந்திருக்கிறார், அவரிடம் எடுத்தேன். அம்மா எங்கே என்று உனக்குத் தெரியுமா? வீட்டைப் பூட்டிவிட்டுச் சைக்கிளில் பின்னால் வருகிறேன் என்று பொய் சொல்லித்தான் அவர்களை அனுப்பினேன். சொல்லாவிட்டால் அவள் அசையமாட்டாள். கண்டால் கோவிக்க வேண்டாம் என்று சொல்.'

உள்ளே அம்மா லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. "அம்மா, ஐயா இருக்கிறார்" என்றேன்.

கத்தியை வைத்தார். என் முகத்தையே பார்த்தார். "அப்ப நீ அனுப்பின கடதாசி?"

"நீங்கள்தானே ஐயாவைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை!"

"என்னத்தைத் தம்பி எழுதுறது? மனிசனை விட்டிட்டு வந்திட்டன் எண்டோ?" அரிந்த லீக்ஸை ஒதுக்கி வைத்தார். "இருக்கிறாரோ இல்லையோ எண்டு எனக்கு ஒண்டும் தெரியாது. உன்ர கடதாசி வந்த அண்டைக்குத்தான் பொட்டை அழிச்சனான். நீ வெளியிலை இருக்கிற பிள்ளை, உனக்கு ஏதோ தகவல் கிடைச்சிருக்கும் எண்டு நினைச்சன். முத்திரை குத்தி வந்தது தம்பி. சத்தியம் பண்ணி, முத்திரை குத்தி. அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதை எண்டு சும்மாவே சொன்னவை?"

அம்மாவின் கடிதத்தில் ஐயாவின் பெயர் இல்லாததைப் பார்த்து நான் அவரைக் கொன்றேன். நான் குத்துவித்து அனுப்பிய முத்திரையைப் பார்த்து அம்மா கொன்றார். எந்தப் பட்டாளமும் செய்யாததை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தபாலில் செய்து முடித்திருந்தோம். எனக்கு அழுகையும் வரவில்லை. அப்படி ஒரு அலுப்பு.

அம்மா கையைத் துடைத்து, கண்ணாடியைப் போட்டு, கடிதத்தை வாங்கினார். இரண்டு தரம் வாசித்தார்.

"பாவி மனிசன். பொய் சொல்லி அனுப்பினவராம்" என்றார்.

"உங்களைக் காப்பாத்தத்தானே அம்மா. அது பொய் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சிருக்கும்?"

அம்மா கடிதத்தை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"அந்தச் சைக்கிளின்ர ரெண்டு சில்லும் காத்துப் போய் ஒரு மாதமாய்ச் சுவரிலை சாத்திக் கிடந்தது. பின்னாலை வாறன் எண்டு அவர் சொல்லேக்கை நான் சைக்கிளைத்தான் பாத்தனான். பிள்ளையள் ஒழுங்கையிலை நிண்டு குழறுதுகள். சரி வாங்கோ எண்டு சொல்லிப்போட்டு நடந்தனான். தெரிஞ்சுகொண்டுதான் நடந்தனான் தம்பி."

அவர் ஒரு கதிரையை இழுத்து என்னை இருக்கச் சொன்னார்.

"இப்பவே எழுது. நான் உன்னோடை இருக்கிறன், சுகமாய் இருக்கிறன், அவரிட்டை வர வழி பாக்கிறன் எண்டு எழுது. கோவமில்லை எண்டும் எழுது. சைக்கிள் கதையை மட்டும் எழுதாதை."

எழுதவில்லை.