மார்க்கம் நகரத்தில் ஓர் அறை கேட்டு மீன்கடையிலிருந்து போன கதை

புதிதாகக் கொம்பியூட்டர் கொம்பனி தொடங்கும் பிள்ளைகள், அரசாங்க உதவிக்கு எங்கே போவது என்று இந்த இணையப் பக்கத்தில் அடிக்கடி கேட்கிறார்கள். நான் ஒருமுறை போயிருக்கிறேன், 1996 மார்ச்சில். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்ல மகள் தட்டுகிறாள்.

என் தங்கை மகன் குகன், கடையில் எந்தச் சாமான் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் புரோகிராம் ஒன்று செய்திருந்தான். வீட்டில் மூன்று குடும்பம். அவனுக்கு மேசை போட இடமில்லை. மார்க்கம் என்ற பக்கத்து நகரத்தில் மாகாண அரசாங்கமும் நகரசபையும் சேர்ந்து ஒரு கட்டடம் நடத்தின. புதுக் கொம்பனிகளுக்குக் குறைந்த வாடகையில் அறை, எல்லாருக்கும் பொதுவான ஃபக்ஸ், வாரம் ஒருநாள் தொழில் தெரிந்தவர்களின் ஆலோசனை. அறை கிடைக்காவிட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தொழிற்சாலை வேலைக்குப் போவதாகக் குகன் சொல்லியிருந்தான். பெரியவர் ஒருவர் கூட வந்தால் மரியாதை என்று என்னையும் கூட்டிப் போனான்.

நாங்கள் இருந்த டோர்செட் பார்க்கில் காலை 8.10க்கு கென்னடி தெரு பஸ், இரண்டு டொலர். ஸ்டீல்ஸ் தெரு வரை அரை மணித்தியாலம். அதற்கு வடக்கே வேறு நகரம், வேறு பஸ், திரும்பவும் காசு. அடுத்த பஸ் எப்போது என்று குகன் ட்ரைவரைக் கேட்டான். நாற்பது நிமிடமாகும், மார்க்கத்தில் எல்லாரிடமும் கார் இருக்கிறதே என்று அவர் சிரித்தார். கலியாணக் கோட்டோடு குகன் காற்றுக்குள் நடுங்கினான். மொத்தம் பன்னிரண்டு கிலோமீற்றர்தான். போய்ச்சேரப் பத்து மணி.

பொறுப்பாளர் நரைத்த தலை அம்மையார். கோயில் தலைவர், டொக்டர், வக்கீல் மூவரின் நற்சான்றுக் கடிதங்களைக் குகன் நீட்டினான். அவர் அவற்றை மெதுவாக ஒருபக்கம் வைத்துவிட்டு, இதை இப்போது யார் பாவிக்கிறார்கள் என்று கேட்டார். ஒருவருமில்லை, இனிப் பெரிய கடைகளுக்குக் கொடுப்போம் என்றான் குகன். அவ்வளவு ஆங்கிலம் எனக்கு விளங்கும். நான் வேலை செய்த மீன்கடையில் நாலு மாதமாக அது ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கட கடையில பாவிக்கிறம் எண்டு சொல்லன்ரா."

"சும்மா இருங்கோ மாமா. மீன்கடை எண்டால் மதிப்பினமே?"

"மீன்தான் நாறும், கொம்பியூட்டர் நாறாது. சொல்லு."

என்ன பேசுகிறீர்கள் என்று அம்மையார் கேட்க, அவன் சொல்லத்தான் வேண்டியிருந்தது. உடனே அவர் என் பக்கம் திரும்பி, அது எங்கே பிழை விடுகிறது என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல, குகன் முகத்தைத் தொங்கப்போட்டபடி மொழிபெயர்த்தான். நாங்கள் மீனை முழுதாக நிறுத்து, கேட்டவருக்கு வால்பக்கப் பாதியை மட்டும் வெட்டிக் கொடுப்போம். திரையோ முழு மீனும் போய்விட்டதாகக் காட்டும். பெப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை ஆறு அறக்குளா மீனில் மூன்றின் தலைப்பக்கம் பெட்டிக்குள் கிடந்தது, திரையில் ஒன்றுமில்லை. முதலாளி இன்னும் ஆறு எடுப்பித்தார். அதில் பாதி பழுதாய்ப் போனது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்ட அம்மையார், திருத்துங்கள், இரண்டு கிழமையில் கடைக்கே வந்து பார்க்கிறேன் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஏறியதும் குகன் தொடங்கினான்.

"உங்கட வாயால கெடுத்துப்போட்டியள் மாமா. உது எங்களை அனுப்ப வெறும் சாட்டு. அரசாங்க ஆக்கள் மீன்கடைக்கு வருவினமே?"

"வந்தால்?"

"வந்தால் நான் மீன் வெட்டுறன்."

ஆனாலும் இரவு பகலாகக் கடையிலேயே இருந்து திருத்தினான். பதின்மூன்றாம் நாள் பனிச் சப்பாத்தோடு அம்மையார் கடை வரிசையில் வந்து நின்றார். பாரை மீனில் வால்பக்கம் கேட்டார். குகன் கோட்டைக் கழற்றிவிட்டுக் கத்தியை எடுத்தான், கோணலாகத்தான் வெட்டினான். திரையில் தலைப்பக்கத்தின் நிறை சரியாக நின்றது. அடுத்த கிழமை அறைச் சாவி கிடைத்தது.

அங்கே அவன் இரண்டு வருடம் இருந்தான். பக்கத்து அறைக் கொம்பனி நொடித்தபோது யாரும் அந்தப் பிள்ளையை ஏசவில்லை, அடுத்த யோசனையோடு வா என்றார்கள். நான் கண்ட அரசாங்கங்களில் அப்படிப் பேசியது அது ஒன்றுதான்.

போகிறவர்கள் தடித்த ஜக்கெட் போடுங்கள், ஒரு மணித்தியாலம் முந்திப் புறப்படுங்கள். கடிதங்கள் வேண்டாம். உங்கள் பொருளைப் பாவித்து எரிச்சல்பட்ட ஆளைக் கூட்டிப் போங்கள். மாகாணம் நடத்துகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், அறை கொடுப்பது நல்ல காரியம்தான், ஆனால் கொடுக்கிறவர் ஒருநாளாவது கடைக்கு வந்து வரிசையில் நின்று மீன் வாங்க வேண்டும்.