சாய்ந்து உட்கார்ந்தால் நிற்கும் படகு

மன்னிப்பைப் பற்றி மாதா கோயிலில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இருந்தும் அந்த அம்மாவை மன்னிக்க எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை. வரவும் வேண்டாம்.

திகனைப் பக்கம், விக்டோரியா நீர்த்தேக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்ன எஞ்சின் படகு இருக்கிறது. கண்டிக்கு வரும் வெள்ளைக்காரர்களை ஏற்றி ஒரு சுற்றுக் காட்டிவிட்டு வருவோம். என் கணவர் ஓட்டுவார். கரையில் நின்று ஆள் பிடிப்பது நான். படகின் நடுவில் முதுகு சாய்க்கப் பலகை வைத்த ஒரே ஒரு மெத்தை இருக்கை உண்டு. அது விருந்தாளிக்கு. நாங்கள் ஓரப் பலகையோடு சரி.

என் மகளைப் பெண் பார்க்க அம்பிட்டியவிலிருந்து வந்தார்கள். பையனும் அவன் அம்மாவும். சாப்பாடு முடிந்ததும் என் கணவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "வாங்க, தண்ணியில ஒரு சுத்து போயிட்டு வருவோம்" என்று எல்லோரையும் ஏற்றிவிட்டார். அந்த அம்மாவுக்கு மெத்தை இருக்கை. நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். நடுத்தண்ணீரில் எஞ்சின் நின்றது. என் கணவர் எவ்வளவு முயன்றும் அசையவில்லை. கடைசியில் மீன்பிடிக்கிற ஒருவர் கயிறு கட்டி எங்களைக் கரைக்கு இழுத்து வந்தார். வெட்கத்தில் என்னால் தலை நிமிர முடியவில்லை.

அதைவிட மோசம், எல்லோரும் இறங்கியதும் முதல் முயற்சியிலேயே எஞ்சின் ஓடத் தொடங்கியதுதான்.

"பாத்தீங்களா? நாங்க இறங்கினதும் ஓடுது" என்றார் அந்த அம்மா. "ஒங்க பொண்ணு ராசி அப்படி. இந்தச் சம்மந்தம் வேணாம்னு ஒங்க போட்டே சொல்லுது."

ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். நாங்கள் போகும் கோயிலின் மாதர் சங்கத்துக்கே தலைவி. சகுனம் பேசுகிறார்! பேச்சு அதோடு நின்றிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டிருப்பேன். அது பூசைக்கு வருகிறவர்கள் வாயெல்லாம் ஏறி இறங்கியது. அதற்குப் பிறகு வருவதாக இருந்த இரண்டு இடங்கள் வரவேயில்லை. டவுனில் மருந்துக் கடையில் வேலை செய்யும் என் மகள் பூசைக்குப் போவதை நிறுத்தினாள். படகுப் பக்கமே வரமாட்டேன் என்றாள்.

அப்போதுதான் முடிவு செய்தேன். எஞ்சின் எதனால் நின்றது என்று கண்டுபிடிப்பேன். அதை அந்தச் சங்கத்துப் பெண்களின் முன்னால் வைத்து அவர் மூக்கை உடைப்பேன்.

படகோ என்னோடு விளையாடியது. ஒரு வாரம் ஒழுங்காக ஓடும். பிறகு யாராவது முக்கியமான ஆள் ஏறும் நாளாகப் பார்த்து நிற்கும். அக்குறணையில் புது பேட்டரி வாங்கினோம். பிளக் மாற்றினோம், பெட்ரோல் குழாய் மாற்றினோம். எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு வயராகப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். நாங்கள் இருவரும் தனியாகப் போகும்போது ஒரு தடவையாவது நிற்கவேண்டுமே! என் கணவர் கைவிட்டுவிட்டார். "விடும்மா, அதுக்கும் ஒரு மனசு இருக்கு போல" என்றார். எனக்கு அவர் மேலும் எரிச்சல் வந்தது.

ஒருநாள் படகைக் கரையில் கட்டி, எஞ்சினை ஓடவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. வந்த கோபத்தில் அந்த மெத்தையில் போய்ப் பொத்தென்று சாய்ந்தேன். எஞ்சின் நின்றது. எழுந்தேன், என் கணவர் ஸ்டார்ட் செய்தார், ஓடியது. மறுபடி சாய்ந்தேன், நின்றது.

இத்தனை காலமும் எங்களில் ஒருவர்கூட விருந்தாளி இருக்கையில் உட்கார்ந்ததில்லை. வெள்ளைக்காரர்கள் படம் எடுக்க நுனியில்தான் உட்காருவார்கள். மரியாதைக்குரியவர்கள்தான் சாய்வார்கள். மெத்தையைத் தூக்கிப் பார்த்தோம். எஞ்சினை நிறுத்தும் சுவிட்சுக்குப் போகிற வயர் அதன் அடியில் தோலுரிந்து கிடந்தது. முதுகுப் பலகை அழுந்தினால் அது இரும்புச் சட்டத்தில் படும். பட்டால், நாமே சுவிட்சைத் தட்டி நிறுத்திய மாதிரிதான்.

என் கணவர் டேப்பை எடுத்தார். "கைய வச்சீங்கன்னா தெரியும்" என்றேன்.

மாதர் சங்கத்தைப் படகில் ஒரு சுற்றுக்கு அழைத்தேன். எல்லோரும் ஆசைப்பட்டதால் தலைவியால் தட்டிக்கழிக்க முடியவில்லை. மகளையும் கெஞ்சிக் கூட்டி வந்தேன். தலைவிக்கு மெத்தையை நானே தட்டிப் போட்டேன். நடுத்தண்ணீரில், "நல்லா சாஞ்சு இருங்க" என்றேன். சாய்ந்தார். நின்றது. எழும்பச் சொன்னேன், ஓடியது. உட்காரச் சொன்னேன், நின்றது. மெத்தையை இழுத்து வயரைக் காட்டினேன்.

"இப்ப சொல்லுங்க. இது எம் பொண்ணு ராசியா, இந்த வயரா?"

பெண்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அந்தச் சில நொடிகள் எவ்வளவு இனித்தன என்று சொல்லி முடியாது.

"அட, என்ன நீங்க, நான் என்ன சகுனம் பாக்கிற ஆளா?" என்றார் அவர், சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு. "வயர் கோளாறுன்னு எம் மகன் அன்னைக்கே சொன்னான். அவனுக்கு வேற ஒரு நல்ல எடம் வந்திருந்திச்சு. வேணாம்னு சொல்ல ஒரு காரணம் வேணும்ல? ஒங்க பொண்ணு மேல ஒரு கொறையும் இல்ல."

தெரிந்தே சொல்லியிருக்கிறார். நான் கையெல்லாம் கிரீஸோடு மாதக்கணக்காக எதைத் தேடினேன்?

என் மகள் ஓரப் பலகையிலிருந்து எழுந்தாள். பின்னால் போய், எஞ்சினில் மாட்டியிருந்த சிவப்புக் கயிற்றைக் கழற்றினாள். அது இல்லாமல் எஞ்சின் ஓடாது. அதைத் தன் கைப்பையில் போட்டு மூடினாள். அவள் அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மகள் பலகைக்கு அடியிலிருந்த துடுப்பை உருவி அந்த அம்மாவின் மடியில் வைத்தாள்.

"ஆன்ட்டி, இன்னைக்கு போட் நின்னது என்னாலதான்" என்றாள். "இத எல்லாருக்கும் சொல்லுங்க. இப்ப துடுப்ப வலிங்க."