எண்ணெய்க் காப்பிட்ட பிரேக்

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் என் மாமனார் வீட்டில் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்தேன். அந்த நிலையை விளக்க அதிகச் சொற்கள் வேண்டியதில்லை. உணவுக்குக் குறையில்லை, உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார வேண்டும். மாமனார் சொந்த நிலத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிரிட்டதோடு, ஒலக்கூர்ப் பக்கத்து ஊர்களில் காய் வாங்கி விழுப்புரத்து மண்டிக்கு அனுப்பியும் வந்தார். மாற்றலாகிப் போன ஓர் அதிகாரியிடமிருந்து பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். அவருக்கு ஓட்டத் தெரியாது; கற்கும் விருப்பமும் இல்லை. ஆகவே நான் கற்றேன். முன்னால் இருப்பவன்தான் வண்டியை ஓட்டுகிறான் என்று ஊரார் நினைத்தார்கள். பின்னால் இருந்தவரின் முழங்கால் என் இடுப்பில் ஒருமுறை இடித்தால் புறப்பட வேண்டும். இருமுறை இடித்தால் நிறுத்த வேண்டும்.

தமிழில் வித்துவான் தேர்வு எழுதித் தேறியவன் நான். விடியலில் நீராடி, நீறணிந்து, பதிகம் ஓதி முடிக்கும் அந்த ஒரு நாழிகைதான் எனக்கென்று இருந்தது. இறைவா, என்னை ஆட்கொள் என்று உருகியவர்களின் சொற்களை ஓதிவிட்டு எழுந்தால், வாசலில் மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டபடி நிற்பார். ஆட்கொள்ளுதலில் இந்த வகையும் உண்டா என்று மனம் புழுங்கும்.

அப்படியிருக்கையில் விழுப்புரத்துப் பள்ளி ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. தமிழாசிரியர் இடம் ஒன்று காலியாக இருக்கிறது, பள்ளி திறக்கும் நாளுக்குள் வந்து சேரலாம் என்று எழுதியிருந்தார்கள். என் மனைவி அதை இருமுறை படித்தாள்.

"அப்பாகிட்ட நீங்களே கேளுங்க. நான் கேட்டா சிரிச்சிக்கினே பூடுவாரு" என்றாள்.

கேட்டேன். மாமனார் உடனே மறுக்கவில்லை. வண்டியின் முன் பிரேக் பெயருக்குத்தான் இருந்தது. அந்நாட்களில் பின் பிரேக்கும் அடியோடு தேய்ந்து, மிதித்தால் இரும்போடு இரும்பு உரசிக் கதறிக்கொண்டிருந்தது.

"மாப்ளே, மொதல்ல இந்த பிரேக்க பாருங்க. எது வாங்கறது, எங்க வாங்கறது, எல்லாம் நீங்களே முடிவு பண்ணுங்க. நான் வாயத் தொறக்கல. ஒரு காரியத்த ஒண்டியா முடிவு பண்ணத் தெரிஞ்சா, விழுப்புரத்துல தனிக்குடித்தனமும் வெக்கலாம்."

என் விடுதலை ஒரு பிரேக் கட்டையின் மேல் வந்து நின்றது.

சக்கரத்தைக் கழற்றி மாட்ட எனக்குத் தெரியும். அரைவட்ட வடிவிலிருந்த இரண்டு கட்டைகளையும் எடுத்துத் துணியில் முடிந்துகொண்டு, பஸ் ஏறி விழுப்புரம் போனேன். இரயில் நிலையத்தருகே பட்டறை வைத்திருந்த மேஸ்திரி, கட்டையின் மேல் புது லைனிங் வைத்து ஆணியால் தறைந்து தருவதில் பேர்பெற்றவர். அவர் என் முன் இரண்டு துண்டுகளை வைத்தார். ஒன்று பழுப்பு நிறம். தடித்த துணிபோல் நெய்யப்பட்டு, இடையிடையே பித்தளைக் கம்பி ஓடியது. மற்றது கறுப்பு, கல்போல் இறுகியது.

"பழுப்பு மெத்துங்க. பிடிச்சா பிடிதான், ஆனா ஜல்தியா தேஞ்சிடும். கறுப்பு கெட்டி. வருசக்கணக்குல வரும், ஆனா சூடு ஏறுற வரைக்கும் கொஞ்சம் வழுக்கும். சார் எந்த ரகம்? தேயற ரகமா, வழுக்கற ரகமா?"

பட்டறையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இரண்டையும் நகத்தால் கீறினேன், எடை பார்த்தேன், முகர்ந்தேன். நெடுநேரம் வழக்குரைத்தவன்போல் எனக்குள்ளேயே வாதாடினேன். நிறுத்துவதற்காக இருக்கும் பொருள் நிறுத்த வேண்டும். நீடிப்பது அதற்கு இரண்டாவது கடமை. பழுப்பையே தேர்ந்தேன். திருமணத்தைக்கூட நானாக முடிவு செய்தவனல்லன் என்பது திரும்பும் வழியில் நினைவுக்கு வந்தது.

மாமனார் கட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாயத் தொறக்கலன்னு சொன்னேன். அதனால சொல்லல. ஆனா இது கோணிப்பை மாதிரி இருக்குது" என்றார்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஏர்க்கொழுவானாலும் கடப்பாரையானாலும், புதிதாக வந்த இரும்பு முருகன் திருமுன் வைக்கப்பட்டு, நல்லெண்ணெய்க் காப்பும் குங்குமமும் பெற்ற பிறகே வேலைக்குப் போகும். கட்டைகளையும் அவ்வாறே வைத்தேன். பூசை என் பொறுப்பு; யாரும் சொல்லிச் செய்யவில்லை. பாடல் ஓதியபடி இரண்டின் மேலும் உள்ளங்கையால் எண்ணெய் தடவினேன். நெய்த பரப்பு அதை மெல்ல உறிஞ்சிக்கொண்டது. படைத்தது ஏற்கப்பட்டது என்று என் நெஞ்சு நெகிழ்ந்தது.

மறுநாள் அவற்றை மாட்டி மண்டிக்குப் புறப்பட்டோம். விக்கிரவாண்டி தாண்டி ஓர் இரயில் கேட் மூடியிருந்தது. முழங்கால் இருமுறை இடித்தது. மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. பாதம் வலிக்க மிதித்தேன். வெண்ணெயில் கால் வைத்ததுபோல் இருந்தது. கேட்டில் மோதாமல் திருப்பியதில் இருவரும் நாற்றங்கால் சேற்றில் விழுந்தோம். காயமில்லை. மாமனாரின் வெள்ளை வேட்டிதான் சேறாயிற்று.

கேட்காரர் எட்டிப் பார்த்து, "ஐயா, அவசரம்னா ரயில்ல போங்க. ரயில் மேல ஏங்க போறீங்க?" என்றார்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு அங்கிருந்து விழுப்புரத்துப் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. மேஸ்திரி சக்கரத்தைப் பிரித்துக் கட்டையை மூக்கருகே கொண்டுபோனார்.

"இன்னா பேஜாருங்க இது! யாரு இதுல எண்ணெய் ஊத்தினது? வடையே சுடலாம் போல இருக்குது."

"நான்தான். சாமிக்கு வைத்தபோது தடவினேன். சரக்கின்மேல் குற்றமில்லை" என்றேன்.

மாமனார் கையை உயர்த்தினார். "இருங்க. எங்கப்பா காலத்துலேர்ந்து ஊட்டுக்கு வர்ற எல்லா இரும்புக்கும் எண்ணெய் வெக்கிறோம். ஏர் ஓடாம நின்னுதா? மாப்ளே, நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க. சாமிக்கு வெச்சது தப்பா?"

காப்பிட்டது தவறு என்று பட்டறை வாசலில் நின்று சொல்ல நாற்பது பதிகம் ஓதிய நாக்கு எழவில்லை. "தப்பு என்மேல்தான் மாமா" என்று மட்டும் சொன்னேன்.

"அதத்தான் நானும் சொல்றேன். பூசினதுல தப்பில்ல, பழுப்ப எடுத்ததுலதான் தப்பு. மேஸ்திரி, கறுப்ப அடிங்க. அதையும் சாமி முன்னாடி வெச்சி எண்ணெய் போட்டே மாட்டுவோம். பாத்துடலாம்."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அன்றிரவே மண்டி லாரி ஒன்றில் வண்டியை ஏற்றி வீடு திரும்பினோம். அடுத்த நாள் விடியலில் கறுப்புக் கட்டைகள் முருகன் திருமுன் இருந்தன. மாமனார் பின்னால் கைகூப்பி நின்றார். என் உள்ளங்கையில் எண்ணெய் நிறைந்திருந்தது. தடவினால் சாலையில் இருவர் உயிர். தடவாவிட்டால் என்ன சொல்வது? கடைக்கண்ணால் பார்த்தேன். அவர் கண்களை மூடியிருந்தார். எண்ணெய் முழுவதையும் விளக்கில் ஊற்றிவிட்டு, வெறுங்கையைக் கட்டைகளின் மேல் ஓட்டினேன். இரும்புப் புறத்தில் குங்குமம் வைத்தேன். ஓதிக்கொண்டிருந்த அடியை அன்று இரண்டுமுறை தவறவிட்டேன்.

கட்டைகளை மாட்டிப் புறப்பட்டோம். விக்கிரவாண்டிச் சந்தையருகே ஓர் ஆட்டுமந்தை திடீரெனச் சாலைக்கு வந்தது. மிதித்தேன். வண்டி நின்றது.

என் காதருகே மாமனாரின் குரல் கனிவாகக் கேட்டது. "பாத்தீங்களா? அதே எண்ணெய். அதே சாமி. கட்டதான் வேற. குடித்தனத்த அடுத்த வருசம் பாத்துக்கலாம் மாப்ளே. ஒண்ணும் அவசரமில்ல."

வீடு திரும்பியதும் மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

"அப்ப நீங்க எடுத்த பழுப்புதான் சரியா?"

"சரிதான்."

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. கட்டைய மறந்துடுவாரு. சாமிய ஏமாத்தினத சாவுற வரைக்கும் மறக்க மாட்டாரு."

அவள் சொன்னதும் சரிதான். அன்று மாலையே பள்ளிக்குப் பதில் எழுதினேன். குடும்பச் சூழ்நிலை காரணமாக இவ்வாண்டு வர இயலவில்லை என்று ஒரே வரி. மாமனார் அதை வாங்கிப் படித்து, கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று பாராட்டி, தம் கையாலேயே தபால் தலையை ஒட்டினார்.